கோட்டை பார்க்கப் போவோர்

விடுமுறைக் காலங்களிற் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் புறப்படும் மாணவர் சுற்றுலாக்களுக்கு மாறாத ஓர் ஒழுங்கு உண்டு. நெல்லியடியையும் புத்தூரையும் கடந்து வரும் பஸ்வண்டி முதலில் நல்லூரில் நிற்கும். வழிபாடு முடிந்ததும் ஐஸ்கிறீம். அதன்பின் பொதுநூலகம், அங்கே வாசிப்பவரிலும் பார்க்க அதன் வெண்ணிறக் குவிமாடத்தின் முன் நின்று படமெடுப்பவரே அதிகம். வெயில் தணிந்த பிறகு கோட்டை. அகழியைக் கடந்து, வாயிலினூடாக நுழைந்து, மதிலின் மேலேறி, பண்ணைப் பக்கமாகச் சூரியன் கடனீரேரியில் இறங்குவதைக் கண்டு, காற்று வாங்கி, இருட்டுமுன் இறங்கிவிடுவர். திரும்பும் வழியில், கோட்டையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கூட வந்த ஆசிரியர் கேட்பாராயின், "நல்ல வடிவு, சேர்" என்ற விடை ஒரே குரலிற் கிடைக்கும்.

வடிவு என்பதை மறுப்பார் இலர். ஐந்து மூலைகளிலும் ஐந்து கொத்தளங்களைக் கொண்டு, அம்புமுனை போல நீண்ட புறவரண்களுடன், ஒரு பக்கம் நகரையும் மறுபக்கம் நீரையும் நோக்கி நிற்கும் அக்கோட்டை, கீழைத்தேயத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய அரண்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றென வைத்தெண்ணப்படுவது. குற்றம் வடிவிலன்று, வடிவு என்ற சொல்லோடு விசாரணை முடிந்துவிடுவதிலேயே உள்ளது. தன் பாட்டன் பூட்டனின் முதுகின் மேல் எழுப்பப்பட்ட மதிலொன்றின் மேல் நின்று காற்று வாங்கிக்கொண்டு, அது யாருடைய மதில் என்று கேளாமல் ஒருவன் வீடு திரும்புவானாயின், அவன் கோட்டையைப் பார்த்தவனல்லன். கோட்டையிலிருந்து சூரியனைப் பார்த்தவன்.

இவ்வாறு கூறும்போது, "பொழுதுபோக்குக்கு வரும் பிள்ளைகளிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று கேட்பாருளர். பிள்ளைகளிடம் எதிர்பார்க்கத் தேவையில்லை. அவர்களை அழைத்து வருவோரிடமும், அவர்களுக்குப் பாடநூல் எழுதுவோரிடமும், கோட்டையைப் புதுப்பித்துத் திறந்து வைப்போரிடமும் எதிர்பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் வரலாறும் தமிழும் படிப்போரிடம் எதிர்பார்ப்பது தவறாகாது.

முதலிற் கல்லிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாண அரசு 1619இற் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. இறுதி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இற் பிலிப் தெ ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். ஆட்சித் தலைமையிடம் நல்லூரிலிருந்து கடனீரேரிக் கரைக்கு மாற்றப்பட்டது. அங்கே கோட்டை எழுந்தது. இடித்த கோயிலின் கற்கள் கோட்டைக்குச் சென்றன என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழி வந்த செய்தி. செவிவழிச் செய்தி என்று அதனைத் தட்டிக்கழிக்க விரும்புவோர், கோட்டையினுள் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்ச் சாசனம் பொறித்த தூணொன்று கண்டெடுக்கப்பட்டமைக்கும், பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை வாசித்து வெளியிட்டமைக்கும் என்ன விளக்கம் கூறுவரோ தெரியவில்லை. பதினோராம் நூற்றாண்டுச் சாசனத் தூண் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டைக்குத் தானாக நடந்து வந்திராது.

1658இல் ஏறத்தாழ மூன்று மாத முற்றுகைக்குப் பின் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். நாற்கோணமாய் இருந்ததை ஐங்கோணமாக்கினர். கொத்தளங்களுக்குத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினர்: ஒல்லாந்து, சீலாந்து, உத்திரெக்ற், கெல்டர்லாந்து, பிறீஸ்லாந்து. தமிழ் நிலத்தில் தமிழ்க் கைகள் அடுக்கிய முருகைக்கல்லுக்கு வடகடலோரத்து மாகாணங்களின் பெயர். 1706இற் கோட்டையினுள்ளே சிலுவை வடிவிற் கோவிலொன்றைக் கட்டினர். புறவரண்கள் 1792இலேயே நிறைவு பெற்றன. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1795இல், ஒரு குண்டும் வெடிக்காமல் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு ஒல்லாந்தர் வெளியேறினர். நூற்றைம்பது ஆண்டுக் காலம் இவ்வூரவரின் உழைப்பை விழுங்கிய அரண், பிற நாட்டுப் பகைவர் வந்த ஒரேயொரு நாளில் வாயைத் திறந்து வழிவிட்டது. அது கடல்வழி வந்த பகைவருக்கெதிரான அரண் என்று பாடநூல் எழுதுவோர் இதனைச் சற்று நின்று சிந்திக்கலாம். பீரங்கியின் வாய் கடலை நோக்கியிருந்ததா, ஊரை நோக்கியிருந்ததா?

இனி, உழைப்பு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்து மக்களுட் குறிப்பிட்ட சாதியினர் கும்பனிக்குக் கூலியின்றி ஆண்டுதோறும் சில நாட்கள் வேலை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். இதற்கு ஊழியம் என்று பெயர். வேலைக்கு வராதவன் தண்டம் செலுத்தவேண்டும். யாழ்ப்பாணத்துக் கொமாண்டராய் இருந்த சுவார்டக்குறோன் தமக்குப் பின் வருவோர்க்கென 1697இல் விட்டுச்சென்ற நீண்ட குறிப்பில் இவ்வூழியமும் வரவுசெலவுக் கணக்கோடு கணக்காக இடம்பெறுகின்றது. ஊழியம் போதாதவிடத்து அடிமைகள். சோழமண்டலக் கரையிற் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம், பட்டினியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற தமிழர் கப்பலேற்றப்பட்டனர். 1694 தொடக்கம் 1696 வரையான குறுகிய காலத்தில் மாத்திரம் 3,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு இலங்கைக்கு இறக்குமதி செய்யப்பட்டனர். இறக்குமதி என்ற சொல் ஈண்டு உவமையன்று. தலைக்கு இவ்வளவெனத் தீர்வை அறவிடப்பட்டது. இன்று மாலைக்காற்று வாங்கப்படும் இடத்தின் வரலாற்றில் இவர்களும் உளர். இவர்களுக்குக் கொத்தளமுமில்லை, பெயருமில்லை.

இங்கேதான் யாழ்ப்பாணத்துக் கற்றறிந்தோரின் பேச்சு திடீரெனத் தாழ்ந்துபோகின்றது. போர்த்துக்கேயன் கோயிலை இடித்தான் என்பதை உரத்துச் சொல்லும் நா, ஊழியத்துக்கு ஆள் திரட்டிக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி வந்ததும் உலர்ந்துவிடுகின்றது. ஒல்லாந்து நாட்டிலிருந்து வந்த சில நூறு பேர் குடாநாட்டின் ஒவ்வொரு குறிச்சியிலும் வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்கவில்லை, பிடித்திருக்கவும் முடியாது. முதலிமாரும் ஊர்த் தலைமைக்காரரும் இருந்தனர். எந்தச் சாதி எந்த வேலைக்கு உரியது என்பதை ஒல்லாந்தருக்குக் கற்பித்தோர் ஒல்லாந்தரல்லர். 1707இற் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தேசவழமையைத் தொகுத்தபோது, அதனைப் படித்துச் சரியென ஒப்பமிட்டவர்கள் பன்னிரு தமிழ் முதலிமார். இன்றும் பெருமையோடு குறிப்பிடப்படும் அச்சட்டத் தொகுப்பில், சீதனத்துக்கும் முதுசத்துக்கும் விதியிருப்பது போலவே அடிமைகளுக்கும் விதியுண்டு. 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்படும் வரை அவ்விதிகள் ஏட்டில் மாத்திரம் உறங்கிக் கிடக்கவில்லை. ஆகவே கோட்டை, அந்நியன் தமிழனுக்குச் செய்த கொடுமையின் சின்னம் என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது பாதி உண்மை. தமிழன் தமிழனைச் சுமக்க வைத்ததன் சின்னமும் அதுவே. இப்பாதியைச் சொல்லத் துணியாதவர்கள் மற்றப் பாதியைச் சொல்லும்போது கேட்போர்க்கு நம்பிக்கை பிறப்பதில்லை.

அவ்வாறாயின் கோட்டையை இடித்துவிடுவதே முறையன்றோ எனக் கேட்கும் ஒரு கட்சியும் இருந்தது. அக்கட்சி பேச்சோடு நிற்கவில்லை. இக்கட்சியின் வாதத்தை எளிதிற் புறந்தள்ளலாகாது. அரண்மனை வாழ்வைப் பற்றிக் கனவு காண்போருக்குக் கோட்டை என்பது கதை. யாழ்ப்பாண நகரில் 1980களிற் குடியிருந்தோருக்கு அது கதையன்று. கோட்டையினுள் இராணுவம் இருந்தது. அங்கிருந்து ஏவப்பட்ட எறிகணைகள் நகரின் வீடுகளிலும் தெருக்களிலும் வீழ்ந்தன. கோட்டைக்கு வெகு அருகிலே பொதுநூலகம் 1981இல் எரிந்தது. கோட்டையை அடுத்த முற்றவெளியில் 1974 தைத்திங்கள் பத்தாம் நாள், தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதியில், ஒன்பது உயிர்கள் பறிபோயின. 1990 யூன் மாதந் தொடங்கிச் செப்ரெம்பர் இறுதி வரை விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டனர். 1658ஆம் ஆண்டு முற்றுகையும் ஏறத்தாழ இதே கால அளவினது. இராணுவம் வெளியேறிய பின் மதிலின் பல பகுதிகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஒல்லாந்தர் கட்டிய கோவில் அப்போரில் இடிந்து கற்குவியலாயிற்று. இனி எந்தப் படையும் இங்கே வந்து குந்தியிருந்து ஊருக்குக் குண்டு போடக்கூடாது என்பதே பெயர்த்தோரின் நியாயம். எறிகணைக்குப் பயந்து பதுங்குகுழியிற் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இரவைக் கழித்த தாயொருத்தியிடம் சென்று, கட்டடக் கலையின் அருமையை விளக்கும் துணிவு எந்தத் தொல்பொருள் அறிஞருக்கு உண்டு?

ஆயினும் அந்த நியாயம் போர்க்கால நியாயம். 1995 டிசெம்பரில் இராணுவம் நகரை மீண்டும் கைப்பற்றியதை உடைந்த மதில் தடுத்துவிடவில்லை. மதிலை உடைத்தால் அடக்குமுறை உடையும் என்ற எண்ணம், ஒலிவேரா கோயிலை இடித்தால் முருகன் போய்விடுவான் என்று நினைத்ததற்கு எவ்வகையிலும் குறைந்த மயக்கமன்று. அதிலும் முக்கியமாக, கல்லோடு சேர்ந்து சான்றும் போகின்றது. சோழர் சாசனத் தூணை ஒளித்து வைத்திருந்ததும் அதே கோட்டைதான். போருக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தவரும் பிரித்தானியத் தொல்லியலாளரும் இணைந்து 2017ஆம் ஆண்டளவிற் கோட்டையினுள் அகழ்ந்தபோது, போர்த்துக்கேயர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. தென்னிந்தியாவோடும் சீனத்தோடும் மேற்காசியாவோடும் கொடுக்கல் வாங்கல் செய்த ஒரு துறையின் தடயங்கள் அவை. யாழ்ப்பாணத்தவரின் வரலாற்றை நசுக்கிக்கொண்டு அதன் மேல் அமர்ந்த கட்டடமே, நசுக்கியதைக் காற்றுக்கும் மழைக்கும் கறையானுக்கும் கொடுக்காமல் மூடிக் காத்துமிருக்கின்றது. வரலாற்றின் இவ்விகடத்தை இரசிக்கத் தெரிந்தவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிடுவான்.

இடிப்போர் கட்சி இவ்வாறாகப் புதுப்பிப்போர் கட்சி வேறு. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்பொருளியல் திணைக்களம் கோட்டையின் சீரமைப்பைத் தொடங்கியது. உதவி செய்தோருக்கு நன்றி கூறுவதிற் தவறில்லை. ஆனால் சீரமைப்பு என்ற சொல்லினுள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கின்றது: எந்த ஆண்டின் கோட்டை சீரமைக்கப்படுகின்றது? 1680களின் கோட்டையா, 1792இன் கோட்டையா, சிறைச்சாலையும் தூக்குமேடையும் கொண்டிருந்த ஆங்கிலேயர் கோட்டையா, 1990இற் குண்டு துளைத்த கோட்டையா? புதுக் கல் வைத்துப் பழைய துளையை அடைக்கும் கொத்தன் ஒவ்வொரு முறையும் இக்கேள்விக்கு விடை சொல்கிறான். அவ்விடையை அவனுக்குச் சொல்லிக் கொடுப்போர் ஒருபோதும் அதனைப் பொதுமக்கள் முன் விவாதித்ததாகத் தெரியவில்லை. போரின் வடுக்கள் மறைந்து, ஒல்லாந்தர் காலத்து முகம் மாத்திரம் பொலிவோடு மீளுமாயின், இக்கோட்டையின் உண்மையான உரிமையாளர் யார் என்பதைப் புதுக்கல்லே பறைசாற்றிவிடும்.

இவ்விடத்தில் நீரோரத்துக் கோட்டைகளோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய இன்னொரு சிறு நாட்டை நோக்குவது பயன் தரும். வேல்ஸ் நாட்டின் இறுதிச் சுதந்திர இளவரசன் லுவெலின் 1282இற் கொல்லப்பட்ட பின், ஆங்கில மன்னன் முதலாம் எட்வேட் அந்நாட்டின் வட கரையிற் கோட்டைகளை வரிசையாக எழுப்பினான். கொன்வி, கார்நார்வன், ஹார்லெக் ஆகியவை 1283இல் தொடங்கப்பட்டன, போமாரிஸ் 1295இல். நான்கும் கடல்வழியாக உணவும் படையும் பெறத்தக்க இடங்களில் அமைந்தவை. சுற்றிலும் உள்ள மக்கள் கிளர்ந்தெழுந்தாலும் கப்பல் வந்து காப்பாற்றும். யாழ்ப்பாணக் கோட்டை கடனீரேரியைத் தழுவி நிற்பதன் காரணத்தை இதனிலும் தெளிவாக வேறெங்கும் கற்க இயலாது. கோட்டையோடு ஒட்டி எழுந்த பட்டினங்கள் ஆங்கிலக் குடியேற்றவாசிகளுக்குரியவை. வேல்ஸ்காரன் அங்கே வீடு கொள்ளத் தடை இருந்தது. போமாரிஸ் கட்டுவதற்கென லான்வைஸ் என்னும் ஊரின் மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, தீவின் மறுகோடியிற் குடியேற்றப்பட்டனர். அவ்வளவு செய்தும் போமாரிஸ் கோட்டை முற்றுப்பெறவில்லை, பணம் தீர்ந்துபோயிற்று. மேலைத்தேயக் கோட்டைக் கலையின் நிறைவான எடுத்துக்காட்டென்று நூல்கள் புகழும் கட்டடம் பாதியில் நின்றுபோன வேலை என்பதை அங்கு செல்லும் உல்லாசப் பயணிகள் பலர் அறியார்.

இக்கோட்டைகளை 1986இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலின் தலைப்பிலேயே வென்றவனின் பெயர் இருக்கின்றது: எட்வேட் மன்னனின் கோட்டைகள். ஆயினும் வேல்ஸ் மக்கள் இதனை வாய்பொத்தி ஏற்றுக்கொண்டார்களெனக் கருதுதல் பிழை. 1969இற் கார்நார்வன் கோட்டையில் ஆங்கில அரச குடும்பத்து மைந்தனுக்கு வேல்ஸ் இளவரசன் எனப் பட்டங்கட்டியபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அண்மையில், 2017இல், டீ ஆற்றின் முகத்திலுள்ள பிளின்ற் கோட்டையருகே பெரியதோர் இரும்பு வளையத்தைச் சிற்பமாக நிறுவ அரசு திட்டமிட்டது. எட்வேட்டின் கோட்டை வரிசைக்கு வரலாற்றாசிரியர் இட்ட பெயர் இரும்பு வளையம். வேல்ஸ் மக்களின் கழுத்தை நெரித்த வளையத்துக்கு மக்கள் பணத்திற் சிலை எதற்கு என்று ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டுக் கேட்டனர். அரசு பின்வாங்கியது. கோட்டையை எவரும் உடைக்கவில்லை. அது அங்கேயே இருக்கின்றது. அதனைப் பற்றிப் பேசும் உரிமையை மாத்திரம் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எட்வேட்டின் கோட்டைகளைக் கட்டுவதற்கு இங்கிலாந்தின் பல பகுதிகளிலிருந்தும் கொத்தரும் தச்சரும் மண்வெட்டுவோரும் கட்டாயமாகத் திரட்டி அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு அளித்த கூலியின் கணக்குச் சுருள்கள் எஞ்சியுள்ளன. ஆர்னோல்ட் ரெயிலர் என்ற ஆய்வாளர் அச்சுருள்களைப் பொறுமையோடு வாசித்து, எந்தக் கிழமையில் எத்தனை பேர் வேலை செய்தனர், தலைமைக் கொத்தனான ஜேம்ஸ் எங்கிருந்து வந்தான் என்பனவற்றையெல்லாம் வெளிக்கொணர்ந்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய கொத்தனுக்கு ஊரும் பேரும் கிடைத்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்கு வயது அதிற் பாதி; ஒல்லாந்தரோ எட்வேட்டிலும் பன்மடங்கு கணக்கெழுதும் பைத்தியம் பிடித்தவர்கள்.

யாழ்ப்பாணத்துச் சிந்தனை இதற்கு நேர்மாறான வழியிற் சென்றுவிட்டது. கோட்டைக்கு மாற்றாக ஓர் அரசனைத் தேடி நல்லூருக்கு ஓடுவதே அவ்வழி. 1974இல் முத்திரைச் சந்தியிற் சங்கிலியனுக்குச் சிலை எழுந்தது. 2011இற் புதிய சிலை வந்தது. சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் காட்டி இவை அவன் அரண்மனையின் மிச்சங்கள் என்று கூறுவர். அவ்வளைவின் கட்டட அமைதியை நோக்கும் எவர்க்கும் அதில் ஐரோப்பியர் காலத்துக் கைவண்ணம் தென்படும் என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் இது விரும்பிக் கேட்கப்படும் செய்தியன்று. அந்நியன் கோட்டைக்கு விடையாகச் சொந்த அரண்மனையொன்று இருந்தேயாக வேண்டும் என்ற ஏக்கம், கண்முன் உள்ள கல்லின் வயதையும் மறைத்துவிடுகின்றது. வென்றவனிடம் மதில் இருந்ததால் தோற்றவனிடமும் மதில் இருந்திருக்க வேண்டும் என எண்ணுவது வென்றவனின் அளவுகோலையே கடன் வாங்குவதாகும்.

பருத்தித்துறையாருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை. அவர்தம் கரையிற் பெருங்கோட்டை கிடையாது. தும்பளை வீதியை மூடிக்கொண்டு நிற்கும் தெருமூடி மடம் உண்டு. வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, திண்ணையிற் சாய்ந்து, எவரிடமும் அனுமதி கேளாது எழுந்து போகும்படி கட்டப்பட்ட கல்மண்டபம் அது. உள்ளே விடாதிருக்கக் கட்டிய கல்லும் உள்ளே வா என்று கட்டிய கல்லும் ஒரே குடாநாட்டில் இருபது மைல் இடைவெளியில் நிற்கின்றன. சுற்றுலா வண்டி பின்னதைத் தாண்டிக்கொண்டு முன்னதைக் காணப் போகின்றது! வல்லிபுரத்தில் 1936இற் பொன்னேடு கிடைத்தது. வசப மன்னன் காலத்தைக் குறிப்பது. பக்கத்து வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதனைக் கட்டிய மேத்திரிமாரின் கைத்திறனை எந்தக் கொத்தளத்தோடும் ஒப்பிடலாம். பருத்தித்துறையின் புளியமரத்தடியில் நின்று ஒல்லாந்தப் போதகர் பல்டேயஸ் சமயம் போதித்தாரென்று ஊரார் கூறுவர். அவர் 1672இல் வெளியிட்ட நூலால் ஐரோப்பா இக்கரையை அறிந்தது. இக்கரையார் இக்கரையை அறிந்தனரா என்பதே ஐயம். 1916இல் எழுந்த வெளிச்சவீடோ, போர் ஓய்ந்த பின்னரும் பல்லாண்டுகளாக ஊர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் பொருளாகவே இருந்தது. ஏறிப் பார்க்கும் பொருளாக இருக்கவில்லை.

கோட்டையைக் காட்சிப் பொருளாக்கும் மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய விரும்புவோர் காரைநகர்ப் பக்கம் செல்லலாம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, நீரின் நடுவே, சிறியதொரு கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இற் குடிநீர் தீர்ந்து அவர்கள் சரணடைந்தனர். இலங்கையைப் பன்றித் தொடையாக உருவகித்த ஒல்லாந்தர், அத்தொடையின் குதிகால் இதுவென்று ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். உண்ணப் போகும் நாட்டுக்கு உணவின் பெயரை இட்ட அவர்களது வெளிப்படைத்தன்மையைப் பாராட்டவே வேண்டும். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் கப்பலேறிய நீர்வழியை அக்கோட்டை காவல் செய்தது. பின்னாளிற் சிறையாயிற்று. 1971 கிளர்ச்சியிற் கைதான சிங்கள இளைஞரும் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். உள்நாட்டுப் போர் முடிந்த பின் கடற்படை அதனை உல்லாச விடுதியாக்கியது. அடைக்கப்பட்டோர் நித்திரையின்றிக் கிடந்த இடத்திற் பணங்கொடுத்து நித்திரை கொள்ளலாம். அவ்விடத்திற் கிடந்தோர் தமிழரா சிங்களவரா என்பது ஈண்டு கேள்வியன்று; வயது ஏறத்தாழ இதழை வாசிப்போரின் வயதே. கடற்காற்று அங்கும் நன்றாக வீசும். வடிவாகவும் இருக்கும்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு அந்நிலை வராது என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை. அதனைத் தடுக்க வல்லது கோபமன்று, அறிவு. அவ்வறிவு இருக்குமிடமும் தெரியும். ஒல்லாந்தர் ஊர் ஊராக, காணி காணியாக, ஆள் ஆளாக எழுதிவைத்த தோம்புகளும் கடிதங்களும் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஹேக் நகரிலும் அடுக்கடுக்காக உள்ளன. சின்னப்பா அரசரத்தினம் அவற்றினுள் இறங்கி, ஒல்லாந்தர் இலங்கையிற் பெற்ற அதிகாரத்தைப் பற்றிய தம் நூலை 1958இல் வெளியிட்டார். போர்த்துக்கேயர் கீழிருந்த யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேய மூலங்களிலிருந்தே ஆராய்ந்து நூலெழுதியவர் ரிக்கிரி அபேசிங்க என்னும் சிங்களப் பேராசிரியர். அவர்களுக்குப் பின்னே அப்பழைய கையெழுத்தைப் படிக்கப் பயின்ற தமிழ் மாணவர் எத்தனை பேர்? எண்ணுவதற்கு இரண்டாவது கை வேண்டியிராது. சங்க இலக்கியத்தின் ஒரு சொல்லுக்கு மூன்று நாட் கருத்தரங்கு நடத்தும் தமிழ்த்துறைகளும், குடியேற்றவாதம் என்ற சொல்லை ஒவ்வொரு பந்தியிலும் பயன்படுத்தும் வரலாற்று மாணவரும், அக்குடியேற்றவாதம் தன் கைப்பட எழுதிய மொழியைக் கற்க ஓராண்டை ஒதுக்குவதில்லை. மேடையிற் கோட்டையைச் சபிப்பது எளிது. ஒல்லாந்த வினைச்சொல்லை மனனஞ் செய்வது கடினம்.

தோம்பிலே பருத்தித்துறை உண்டு, தும்பளை உண்டு, புலோலி உண்டு. காணிக்குரியவனின் பெயரும், அவனது சாதியும், அவன் கும்பனிக்குச் செய்யவேண்டிய கடமையும் அங்கே எழுதப்பட்டுள்ளன. அடுத்த விடுமுறைக்கு வண்டி புறப்படுமுன் அத்தகைய ஒரு பக்கம், ஒரேயொரு பக்கம், தமிழாக்கப்பட்டுப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கப்படட்டும். நல்லூரையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு மாலையிற் கோட்டைக்கு வருவார்கள். மதிலேறுமுன், நிழல் விழும் வாயிலில் நின்று, தத்தம் ஊர்ப் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதை அவர்கள் உரக்க வாசிக்கட்டும். ஐஸ்கிறீமை வேண்டுமானால் அதற்குப் பிறகு வாங்கிக் கொடுக்கலாம்.